பிடிஎஃப் கோப்பைத் திருத்த முடியாதா?

ஆவணத்தை பிடிஎஃப் ஆக்கிவிட்டால் யாரும் திருத்த முடியாது, கடவுச்சொல்லும் போட்டுவிட்டால் நகலெடுக்கவும் முடியாது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இந்த வடிவம் அதற்காகப் பிறந்ததல்ல. எந்தக் கணினியிலும் எந்த அச்சுப்பொறியிலும் பக்கம் ஒன்றுபோலவே தெரிய வேண்டும் என்பதே, 1991இல் அடோபி நிறுவனத்தின் ஜான் வார்னாக் தொடங்கிய கேமலாட் திட்டத்தின் நோக்கம். 1993இல் வெளிவந்த பிடிஎஃப், எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பொதித்து அதைச் சாதித்தது. காப்பாற்றப்பட்டது தோற்றம்தான்.

கணினியில் உருவாக்கிய பிடிஎஃப் வெறும் படமன்று. பக்கங்கள், எழுத்துருக்கள், படங்கள் எல்லாம் எண்ணிட்ட பொருள்களாக உள்ளே இருக்கும். எது எங்கே உள்ளது என்ற அட்டவணை வழக்கமாகக் கோப்பின் இறுதியில் வரும். திருத்துபவர் பழையதைத் தொடாமல், மாற்றங்களையும் புதிய அட்டவணையையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் சேமித்தால், நீக்கிவிட்டதாக நினைத்த வரி கோப்பிலேயே கிடக்கும்.

கடவுச்சொல் விஷயத்தில் நம்பிக்கை இன்னும் பிழையானது. கோப்பைத் திறப்பதற்கான கடவுச்சொல் உண்மையான காவல். அது தெரியாமல் உள்ளடக்கத்தின் மறையாக்கத்தை அவிழ்க்க முடியாது. பழைய 40 பிட் ஆர்சி4 முறை இன்று எளிதில் உடையும். 256 பிட் ஏஇஎஸ் முறையுடன் நீண்ட கடவுச்சொல்லும் சேர்ந்தால் உடைப்பது மிகக் கடினம். அச்சிடவும் நகலெடுக்கவும் தடை போடும் கடவுச்சொல் வேறு வகை. அதை மட்டும் போட்ட கோப்பு யார் கேட்டாலும் திறக்கும். திறந்து படிக்க முடிகிறது என்றாலே மறையாக்கத்தை அவிழ்க்கும் சாவி வாசிப்பு மென்பொருளின் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். தடை என்பது கோப்பில் பதிந்த ஓர் எண். அதை மதிப்பது அந்த மென்பொருளின் நேர்மையைப் பொறுத்தது. மதிக்காத மென்பொருள்கள் ஏராளம். 2001இல் அடோபி மின்னூல்களின் தடையை நீக்கும் மென்பொருள் தொடர்பாக ரஷ்ய நிரலாளர் திமித்ரி ஸ்க்லியாரோவ் லாஸ் வேகாசில் கைதானார். கணிதம் தடுக்காததைச் சட்டம் கொண்டு தடுக்கும் முயற்சி அது. 2002 டிசம்பரில் அவர் பணியாற்றிய எல்காம்சாஃப்ட் நிறுவனத்தை ஜூரி விடுவித்தது.

கறுப்புப் பட்டை போட்டால் வரி மறைந்துவிடும் என்பதும் தவறு. பட்டை மேலே வரையப்படுகிறது. எழுத்து அடியில் அப்படியே இருக்கிறது. 2019 ஜனவரியில் அமெரிக்காவில் அரசியல் ஆலோசகர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில், மறைத்த பகுதிகளைச் செய்தியாளர்கள் நகலெடுத்து ஒட்டியே படித்துவிட்டனர். எழுத்தையே கோப்பிலிருந்து அகற்றும் கருவியைப் பயன்படுத்தி, புதிய கோப்பாகச் சேமிப்பதே வழி.

டிஜிட்டல் கையொப்பமும் திருத்தத்தைத் தடுப்பதில்லை. கையொப்பமிட்ட பைட்டுகளில் ஒன்று மாறினாலும் சோதனையில் அது தெரிந்துவிடும், அவ்வளவே. ஆனால் அந்தச் சோதனையைச் செய்யும் மென்பொருளும் ஏமாறக்கூடும்: ஜெர்மனியின் போஹூம் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் பல வாசிப்பு மென்பொருள்களில், மாற்றப்பட்ட கோப்பிலும் கையொப்பம் செல்லும் என்று காட்ட வைத்தனர். அதன்பின் பல மென்பொருள்கள் திருத்தப்பட்டன. ஆகவே கையொப்பத்தைச் சரிபார்ப்பவர் புதுப்பித்த மென்பொருளைப் பயன்படுத்துவதும், கையொப்பத்துக்குப் பின் எதுவும் சேர்க்கப்பட்டதா என்று பார்ப்பதும் அவசியம்.