மோட்டார் காட்சியில் கற்ற பாடம்

மோட்டார் வண்டிகள்மீது எனக்குச் சிறு வயது முதலே பெருவிருப்பம் உண்டு. ஆதலால் 2025 ஜனவரியில் சிங்கப்பூரின் சன்டெக் மண்டபத்தில் நடந்த மோட்டார் காட்சியைக் காணச் சென்றேன். லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, மூன்றாம் நிலையமாகிய புரொமனாடில் இறங்கினேன். மண்டபம் அருகிலேயே இருந்தது.

அங்கே கார்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் அந்நாட்டில் பணம் மட்டும் இருந்தால் கார் ஓட்டிவிட இயலாது. 1990 முதல் அதற்கு உரிமைச் சான்றிதழை ஏலத்தில் பெறவேண்டும். அது பத்தாண்டுகளே செல்லும். 2023 அக்டோபரில், பெரிய கார்களுக்குரிய சான்றிதழின் விலை மட்டும் 150,000 வெள்ளியைத் தாண்டிற்று. சிறிய தீவில் சாலைகள் நெரியாதிருக்கவே இவ்வேற்பாடு.

இது செல்வர்க்கே வழிவிடுகிறது என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. எனினும் கார் இல்லாதவர் அங்கே வழியில் நிற்பதில்லை. ரயிலும் பேருந்தும் அவரை ஏற்றிச் செல்கின்றன. நம் தோட்டங்களிலோ பேருந்து அரிது. ஆகவே கடன்பட்டேனும் வண்டி வாங்குகிறோம்.

பெற்றோர்களே, வண்டிக்குக் கடன் கேட்குமுன் பேருந்துக்கு ஒன்றுகூடிக் குரல் கொடுப்போம். மாணவச் செல்வங்களே, காரைக் கண்டு வியப்பதோடு நில்லாது, அது இயங்கும் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். கற்ற அறிவுக்கு ஏலமும் இல்லை. பத்தாண்டுக் கெடுவும் இல்லை.