ஈர்க்குச்சியும் ஒரு பாடநூலே

பத்தாம் வகுப்பு மாணவி

குழந்தைக்குக் கல்வி அளிப்பது பெற்றோரின் கடமை, ஆசிரியரின் பணி என்று சொல்லிவிட்டு மாணவியராகிய நாம் ஒதுங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருக்கும் ஆறு, ஏழு வயதுக் குழந்தைக்கு எண்ணையும் எழுத்தையும் விளங்க வைப்பதில் பெரிய வகுப்பு மாணவியருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கருத்து. அந்தப் பங்கை நோட்டும் பென்சிலும் கொண்டு தொடங்கக் கூடாது; குழந்தையின் கைக்கு எட்டும் பொருள்களைக் கொண்டே தொடங்க வேண்டும் என்பதும் என் கருத்து. இவ்விரண்டையும் தோழியர் முன்னும் பெற்றோர் முன்னும் எடுத்து வைக்க விரும்புகிறேன்.

மாலை ஐந்து மணிக்குத் திருவையாற்றில் எந்தத் தெருவில் நின்றாலும், பள்ளிப் பையை இறக்கிய கையோடு டியூஷன் பையைத் தூக்கிக்கொண்டு போகும் சின்னஞ்சிறு பிள்ளைகளைக் காணலாம். அங்கே அவர்கள் செய்வது என்ன? பள்ளியில் எழுதியதையே மறுபடி பார்த்து எழுதுகிறார்கள். தவறாகப் போட்ட கணக்கைப் பத்து முறை எழுதுகிறார்கள். பத்து முறை எழுதிய பிறகும் அந்தக் கணக்கு ஏன் தவறு என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

எங்கள் தெருவில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவள் தாய் நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவர். அவர் கேட்டுக்கொண்டதால் சென்ற ஆண்டு மாலைவேளைகளில் அரை மணி நேரம் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலானேன். ஒன்று முதல் நூறு வரை ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். ஆனால் ஒரு பிடி புளியங்கொட்டையைக் கொடுத்து எத்தனை என்று எண்ணச் சொன்னால், வாய் இருபத்தைந்து என்று சொல்லும்போது விரல் பதினெட்டாவது கொட்டையில்தான் இருக்கும். வாயும் கையும் தனித்தனியே ஓடின. "எனக்குக் கணக்கு வராது அக்கா" என்பது அவள் அடிக்கடி சொல்லும் சொல். ஏழு வயதுக் குழந்தை தனக்கு இது வராது என்று தீர்ப்பு எழுதிக்கொள்வதைவிட வருந்தத்தக்கது வேறு என்ன இருக்க முடியும்? அந்தத் தீர்ப்போடுதான் பல பெண்கள் மேல் வகுப்புகளுக்கு வருகிறார்கள். சிலர் வராமலே நின்றுவிடுகிறார்கள்.

கணக்கில் குழந்தைகள் முதலில் இடறி விழும் இடம் கடன் வாங்கிக் கழித்தல். 34-லிருந்து 18-ஐக் கழிக்க வேண்டும். நாலிலிருந்து எட்டுப் போகாது, பக்கத்தில் ஒன்று கடன் வாங்கு என்கிறோம். யாரிடம் வாங்குவது? ஒன்று வாங்கினால் அது எப்படிப் பத்தாக மாறுகிறது? குழந்தைக்கு இது மந்திரம் போல் இருக்கிறது. இதற்கு ஒரு தென்னந்துடைப்பம் போதும். ஈர்க்குச்சிகளைச் சிறிதாக ஒடித்துப் பத்துப் பத்தாக நூலால் கட்டிக்கொள்ள வேண்டும். மூன்று கட்டும் நான்கு உதிரிக் குச்சியும் சேர்ந்தால் 34. எட்டுக் குச்சி எடு என்றால், நான்குதான் இருக்கிறது என்று குழந்தையே சொல்லும். "கட்டைப் பிரிக்கலாமா அக்கா?" என்றும் அதுவே கேட்கும். பிரித்தால் உதிரி பதினான்கு ஆகிறது. எட்டை எடுத்தால் மீதி ஆறு. எஞ்சிய இரண்டு கட்டில் ஒன்றை எடுத்தால் ஒன்று நிற்கும். விடை 16. கடன் என்ற சொல்லைச் சொல்லவே தேவையில்லை. நான் மேலே குறிப்பிட்ட சிறுமி நான்கு மாலைகள் கட்டைப் பிரித்துப் பிரித்துக் கழித்தாள். ஐந்தாம் நாள் குச்சி இல்லாமல் சிலேட்டில் போட்டாள்.

நெல் விளையும் ஊரில் பின்னத்தைக் கற்பிக்க வேறு கருவி எதற்கு? இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்பது நம் பாட்டிமார் அறிந்த கணக்கு. அளவைகள் இப்போது லிட்டருக்கு மாறிவிட்டன. ஆனாலும் பரணில் கிடக்கும் பழைய அளவைகளை இறக்கி மணலையோ நெல்லையோ அளக்கச் செய்தால், அரை, கால், அரைக்கால் மூன்றும் குழந்தையின் கையிலேயே விளங்கிவிடும். பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து காய் என்றால் மொத்தம் 70. காய்களை எடுத்து வைக்கும்போதே ஐந்தாம் வாய்ப்பாடு விளையாட்டாக வந்துவிடுகிறது.

வாசிப்பும் இப்படித்தான். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்து என்று குழந்தையை மிரட்டிவிடுகிறோம். உண்மையில் குழந்தை முதலில் அறிய வேண்டியது, எழுத்து என்பது தனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறது என்பதைத்தான். பேருந்து நிலையத்தில் நின்று தஞ்சாவூர், கும்பகோணம், அரியலூர் என்று பெயர்ப்பலகைகளைப் படிக்கச் செய்யலாம். அல்வாக் கடைப் பலகையைப் படிக்கச் சொன்னால் எந்தக் குழந்தையும் மறுக்காது. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரின் முதல் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லலாம். குழந்தை சொல்லும் நான்கு வரிக் கதையை நாம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, விரல் வைத்துப் படிக்கச் சொன்னால், தான் சொன்ன சொல்லே தாளில் இருப்பதைக் கண்டு அது வியந்து போகும். அந்தச் சிறுமி இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறாள். ஆனால் இப்போது யாரும் சொல்லாமலே படிக்கிறாள்.

அறிவியலுக்கு ஆய்வுக்கூடம் வேண்டும் என்பார்கள். நம் உழவர்கள் விதை நெல்லைச் சோதிக்கும் முறையைப் பாருங்கள். தண்ணீரில் ஒரு முட்டையை இட்டால் அது அமிழ்ந்து போகும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்தால், முட்டை மேலே எழும்பி ஒரு நாணய அளவு வெளியே தெரியும். அந்தத் தண்ணீரில் விதை நெல்லைக் கொட்டினால் பதரும் சொத்தை நெல்லும் மிதக்கும். திரண்ட மணிகள் அடியில் தங்கும். மிதப்பதை நீக்கிவிட்டு, நல்ல விதையை உப்புப் போக இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுகிறார்கள். அடர்த்தி என்று நாம் வகுப்பில் படித்தது இதுவே. ஒரு குவளை, ஒரு முட்டை, ஒரு பிடி உப்பு இருந்தால் ஏழு வயதுக் குழந்தை அதைக் கண்ணால் கண்டுவிடும்.

இன்னொன்றும் செய்யலாம். மூன்று கிண்ணங்களில் பச்சைப்பயற்றை இட்டு, ஒன்றை உலர்வாகவும், ஒன்றை ஈரத்துணியிலும், ஒன்றைத் தண்ணீரில் முழுக மூழ்கவிட்டும் வைக்க வேண்டும். எது முளைக்கும் என்று முதலில் குழந்தையைச் சொல்லச் சொல்லி, நாள்தோறும் பார்க்க வேண்டும். ஈரத்துணியில் இருப்பது முளைத்து நிற்க, மூழ்கிக் கிடப்பது சில நாட்களில் நாற்றமெடுக்கும். விதைக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும் என்று குழந்தை தானே கண்டுகொள்ளும். விதை நெல்லை ஊறவைத்த பிறகு தண்ணீரை வடித்து ஈரச் சாக்கில் கட்டி வைப்பது ஏன் என்று அந்தச் சிறுமி தன் தாயிடம் போய்க் கேட்டாளாம். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய், வாழ்நாளில் முதன்முறையாகத் தன் மகளுக்கு ஒரு பாடத்தை விளக்கினார். பள்ளிக்கூடம் போகாத தாயும் ஆசிரியையாக முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

பெரியவள் சிறியவளுக்குக் கற்பிப்பது புதுமையன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும், பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதும் நெடுங்கால வழக்கம். 1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவ வீரர்களின் அநாதைச் சிறுவர்களுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே அரிச்சுவடி வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். 1797-இல் இலண்டனில் இதைப் பற்றி நூலும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அம்முறைக்கு வழங்கிய பெயரே "மதராஸ் முறை" என்பதாகும். நம் மண்ணின் வழக்கம் கடல் கடந்து போனது. ஆனால் அங்கே அது பெருங்கூட்டமான பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஒப்பிக்கச் செய்யும் எந்திரமாகிவிட்டது என்ற குறையும் எழுந்தது. மூத்தவர் கற்பித்தால் மட்டும் போதாது, எப்படிக் கற்பிக்கிறார் என்பதும் முக்கியம் என்பதே இதிலிருந்து நாம் அறியும் பாடம்.

அந்த "எப்படி" என்பதைக் காட்டியவர்களுள் ஒருவர் இத்தாலிய மருத்துவ மேதை மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தின்மேல் குழந்தையின் விரலை ஓடவிடுவது அவர் முறை. விஜயதசமியன்று நெல்லைப் பரப்பி அதில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கும் நம் வழக்கமும் அதற்கு அயலானதன்று. பிற்காலத்தில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-இல் தமிழகமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததன் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட "இல்லம் தேடிக் கல்வி"யில், தன்னார்வலர்கள் மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தெருப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஊர்ப் பெண்களே ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியைகளாக நின்றதை நாம் கண்ணால் கண்டோம்.

இதற்குச் சில மறுப்புகள் எழலாம். "பொதுத்தேர்வு எழுதும் பெண்ணுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தேர்வு மாதத்தில் நிறுத்திக்கொள்ளட்டும். மற்ற நாட்களில் அரை மணி நேரம் போதும். பிறர்க்கு விளக்கப் புகும்போதுதான் நமக்கு எது விளங்கவில்லை என்பதே தெரிகிறது. ஆகவே அந்த அரை மணி வீணாவதில்லை. "கைப்பேசியில் காணொளியாக எல்லாம் வருகிறதே" என்பார் சிலர். காணொளியில் முட்டை மிதப்பதைக் குழந்தை பார்க்கும். ஆனால் இன்னும் ஒரு கரண்டி உப்பு இட்டால் என்ன ஆகும் என்று அதனிடம் கேட்டுச் செய்து பார்க்க முடியாது. "அப்படியானால் வாய்ப்பாடே வேண்டாமா?" என்றும் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். மனப்பாடம் கணக்கின் வேகத்துக்குத் துணை. குச்சியை அடுக்கிப் பார்த்து, ஏன் என்று தெரிந்துகொண்ட பிறகு மனப்பாடம் செய்தால் அது மறப்பதில்லை, பயமுறுத்துவதுமில்லை.

கற்பிக்கப் புகும் தோழியருக்கு இரண்டொரு சொல். குழந்தையின் கையிலிருந்து குச்சியை வாங்கி நாமே கணக்கைப் போட்டுவிடக் கூடாது. விடை வரத் தாமதமானால் பொறுத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசவே கூடாது. களைத்துப்போனால் அன்றைக்கு அதோடு விட்டுவிட வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குழந்தை தரையில் புளியங்கொட்டையைப் பரப்பி வைத்திருந்தால், படிக்காமல் விளையாடுகிறது என்று அதட்டாதீர்கள். நோட்டில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது என்று பார்ப்பதைவிட, இன்று என்ன கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். நீங்கள் வயலில், கடையில், அடுக்களையில் நாள்தோறும் செய்யும் அளவையும் கணக்கையும் அதன் கண்ணெதிரே வாய்விட்டுச் சொல்லிச் செய்யுங்கள்.

தெருவுக்கு ஒரு மூத்த மாணவி, மாலையில் அரை மணி நேரம், கையில் ஒரு கட்டு ஈர்க்குச்சி. இதற்குப் பணம் வேண்டியதில்லை, கட்டிடம் வேண்டியதில்லை. எனக்கு இது வராது என்று ஒரு சிறுமி சொல்வதை நம் தெருவில் இனிக் கேட்காதிருக்க, இந்தக் கோடை விடுமுறையிலேயே நாம் ஒவ்வொருவரும் ஒரு குழந்தையைத் தேர்ந்துகொண்டு தொடங்குவோமாக.