காசிச்செட்டியை வாசித்தவர் யார்?

‘தமிழ் இலக்கிய வரலாற்றின் முன்னோடி’ என்னும் அடைமொழியோடு சைமன் காசிச்செட்டியின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளாத தமிழ் மாணவர் நம்மிடையே அரியர். அவருடைய நூலைக் கையிலெடுத்து வாசித்தவர் எத்தனை பேர் எனின், நம்முட் பெரும்பாலோர் தலைகவிழவே நேரும். இக்கட்டுரையாளனும் இதற்கு விலக்கல்லன். கற்பிட்டியிற் பிறந்து வளர்ந்தும், அதே ஊரிற் பிறந்த அவ்வறிஞரை விரிவுரைக் குறிப்பொன்றிலேயே முதன்முதல் அறிந்தேன். அக்குறிப்பும் மூன்று வரிகளே. பெயரைப் போற்றி நூலைப் புறக்கணிக்கும் இவ்வழக்கம் கண்டிக்கத்தக்கது.

காசிச்செட்டி 1807 ஆம் ஆண்டு பிறந்தார். ஒல்லாந்தர் கட்டிய கற்பிட்டிக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறிப் பன்னிரண்டு ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. புத்தளத்தில் மணியகாரராகவும், 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாகவும், பின்னர் சிலாபத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றி, 1860 இல் மறைந்தார். இவ்வலுவல்களுக்கிடையே அவர் தேடிய துறைகளோ பல. இத்தீவின் மாவட்டங்கள், பட்டினங்கள், கிராமங்கள், துறைமுகங்கள், ஆறுகள், வாவிகள் ஆகியவற்றைத் தொகுத்துரைக்கும் ‘இலங்கைக் கசற்றியர்’ 1834 இல் வெளிவந்தது. பரதவர், முக்குவர் ஆகியோரின் வரலாறு பற்றியும், தமிழர் உயிரினங்களை வகுத்த முறை பற்றியும் கட்டுரைகள் எழுதினார். ‘உதயாதித்தன்’ என்னும் தமிழ் இதழை நடத்தினார். ஏறக்குறைய இருநூறு புலவர்களின் வரலாறு கூறும் ‘தமிழ் புளூராக்’ 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறியது.

கசற்றியர் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. இந்நாட்டிற் பல்கலைக்கழகம் தோன்றுதற்கு நூற்றெட்டு ஆண்டுகள் முற்பட்ட காலம். நூலகமும் பேராசிரியரும் வாய்க்கப்பெற்ற நாம் அவ்வயதிற் செய்வது யாது? பழைய வினாத்தாள்களுக்கு விடை மனனம் செய்கின்றோம்.

காசிச்செட்டியை வாசியாமைக்கு நம்மவர் கூறும் காரணங்கள் மூன்று. அவர் ஆங்கிலத்தில் ஆள்வோருக்காக எழுதினார் என்பது முதலாவது. இதில் ஓரளவு உண்மையுண்டு. கசற்றியர் ஆட்சியாளருக்குப் பயன்பட்டதை மறுப்பதற்கில்லை. ஆயின், கிரேக்க நாட்டுப் புளூராக் படைத்தலைவரையும் அரசியலாளரையும் எழுதிப் பெற்ற புகழ்ப்பெயரைத் தமிழ்ப் புலவர் வரிசைக்குச் சூட்டியவன் ஆள்வோருக்கு ஏவல்செய்தவன் மட்டும் அல்லன். எமக்கும் நெடிய இலக்கிய மரபுண்டு என்பதை ஆள்வோரின் மொழியிலேயே அவர்கள் முகத்துக்கு நேரே கூறியவன்.

அவர் கட்டுக்கதைகளை வரலாறாகத் தந்தார் என்பது இரண்டாவது. கர்ணபரம்பரைக் கதைகள் அவர் நூலில் மலிந்திருப்பது மெய்யே. ஆனால், அவர் எழுதிய 1859 இல் சங்க நூல்களுட் பெரும்பாலானவை ஏட்டிலேயே உறங்கின. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பு 1887 இலும், சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு 1894 இலுமே வெளிவந்தன. பிற்காலத்தார் கையிற் கிடைத்த விளக்கைக் கொண்டு, இருளில் வழிகண்டவனைப் பழித்தல் நேர்மையாகாது.

பின்வந்த நூல்கள் அவர் நூலைத் தேவையற்றதாக்கின என்பது மூன்றாவது. 1886 இல் வெளிவந்த சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ அதனினும் விரிந்தது என்பது உண்மை. எனினும், வீடு எழுந்தபின் அத்திவாரத்தை எவரும் தோண்டியெறிவதில்லை.

உண்மைக் காரணம் வேறு. ஈழத்துத் தமிழ்ப் புலமை என்றதும் நம் கண்கள் வடக்கு நோக்கியே செல்கின்றன. புத்தளக் கரைக்கு ஒரு பந்தியேனும் ஒதுக்க மனமில்லை. பழைய ஈழத்தைக் காண விரும்பினாலோ, ஒல்லாந்தப் பாதிரியார் பால்டேயஸ் 1672 இல் ஆம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலின் செதுக்கோவியங்களை நாடுகின்றோம். அவற்றின் அழகை யாம் மறுக்கவில்லை. ஆயினும், அயலான் காட்டும் படத்தில் நம் கரையைக் கண்டு வியக்கும் நாம், இக்கரையிற் பிறந்தவன் படமின்றி எழுதியதைப் புரட்டவும் சோம்புகின்றோம்.

இதனால் விளையும் இழப்பு ஏட்டளவில் நிற்பதன்று. காசிச்செட்டி நீதி வழங்கிய சிலாபக் கரையில், தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல இருபதாம் நூற்றாண்டிற் பாடசாலை வழியாகச் சிங்களத்துக்கு மாறின. பாட்டி தமிழில் மன்றாட, பேரப்பிள்ளை அது விளங்காது நிற்கும் வீடுகள் தோன்றின. உடப்பு போன்ற ஊர்களிலே தமிழ் இன்றும் வாழ்கின்றது. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு, ‘தமிழ்ப் புலவர் வரலாற்றை நூலாக்கியவன் உங்கள் கரையினன்’ என்று சொல்வார் இல்லையெனின், அவர்கள் தம் மொழியை வடக்கிலிருந்து வந்த இரவற் பொருளாகவே எண்ணுவர்.

சிலையும் விழாவும் நாம் வேண்டவில்லை. சங்கத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் கசற்றியரில் தம் பகுதி பற்றிய ஒரு குறிப்பை எடுத்துக்கொள்க. அவ்விடத்துக்கே சென்று, முதியோரை உசாவி, அவர் எழுதியதில் எது சரி, எது பிழை என்று தமிழில் எழுதுக. அடுத்த ஆண்டு மலரில் அவை இடம்பெறட்டும். கற்பிட்டி பற்றிய குறிப்பை நான் ஏற்றுக்கொள்கின்றேன். ஏனையவற்றை ஏற்க முன்வருவோர் யார்?