ஸ்கேனில் தெரியாத பாக்கி

ஸ்கேன் சுத்தம். ரத்தப் பரிசோதனையும் சுத்தம். ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டர் சிரித்தபடி அனுப்பிவிடுகிறார். தொல்லை தொடங்குவது வீடு திரும்பிய பிறகுதான். பால் கணக்கை இரண்டு முறை கூட்டினால் இரண்டு விடை வருகிறது. பேச்சின் நடுவே தெரிந்த பெயர் நாக்கு நுனியில் நின்று அடம்பிடிக்கிறது. "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே" என்கிறார்கள் வீட்டார். 38 வயதுப் பெண்ணிடம்கூட!

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்கள் இந்த அவஸ்தைக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் 'கீமோ பிரெய்ன்'. வெகுகாலம் மருத்துவர்கள் இதை வெறும் மனச்சோர்வு என்று ஒதுக்கினார்கள். 1998-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்து எண்களில் காட்டினார்கள். அதிக டோஸ் கீமோதெரபி பெற்றவர்களில் 32 சதவீதம் பேருக்கு நினைவு, கவனம் போன்றவற்றில் குறைபாடு. வழக்கமான டோஸ் பெற்றவர்களில் 17 சதவீதம். கீமோவே பெறாத நோயாளிகளில் 9 சதவீதம். சிகிச்சை முடிந்து சராசரியாக 21 ஆண்டுகள் ஆனவர்களிடமும் வித்தியாசம் தெரிந்தது என்று 2012-ல் அதே நாட்டிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. வித்தியாசம் சிறியது. ஆனால் மறையவில்லை.

பழி முழுவதும் மருந்துக்கு அல்ல. முதல் ஊசிக்கு முன்பே சிலருக்கு மூளை வேகம் குறைந்திருக்கிறது. நோய் கிளப்பும் அழற்சி, ரத்தசோகை, தூக்கமின்மை, திடீரென நின்றுபோகும் மாதவிலக்கு, ஆண்டுக்கணக்கில் விழுங்கும் ஹார்மோன் மாத்திரை என்று பலதும் கைகோர்க்கின்றன.

சிக்கல் அளவிடுவதில் இருக்கிறது. நூறு மதிப்பெண் வாங்கியவர் எழுபதுக்கு இறங்கினாலும் சோதனையில் பாஸ்தான். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு அந்த முப்பது என்பது பிழைப்பு. அமைதியான அறையில், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி என்றால் அவர் சமாளித்துவிடுவார். டெலிபோன் ஒலிக்க, அதிகாரி கத்த, பாதியில் விட்ட பேரேட்டுக்குத் திரும்ப வேண்டும் என்றால்தான் தடுமாற்றம். பெங்களூர் நிமான்ஸ் 2004-ல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கல்லூரி முடித்தவர்களுக்கும் தனித்தனி அளவுகோல் உண்டு. ஆனால் சிகிச்சைக்கு முன் எடுத்த கணக்கு இல்லாவிட்டால் எதனுடன் ஒப்பிடுவது? இதயத்தைப் பாதிக்கும் மருந்து என்றால் முதல் டிரிப் ஏற்றுமுன் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். ஞாபகசக்தியைச் சோதித்துக் குறித்துவைக்கும் வழக்கம் அரிது.

இதைக் குணப்படுத்த நிரூபணமான மாத்திரை கிடையாது. கடைகளில் அடுக்கியிருக்கும் 'மெமரி' டானிக்குகளையும் சேர்த்துத்தான். தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்ப்பது முதல் வேலை. குறை இருந்தால் சரிசெய்யக்கூடியவை. ஒழுங்கான நடைப்பயிற்சியும், கவனத்தையும் நினைவையும் சீராக்க நிபுணர்கள் தரும் பயிற்சியும் பலருக்குக் கைகொடுக்கின்றன. டைரியில் எழுதுவது, ஒரு நேரத்தில் ஒரே வேலை, சிக்கலான கணக்கைக் காலையிலேயே முடிப்பது போன்ற எளிய ஏற்பாடுகளும் உதவும். பெரும்பாலோருக்கு மாதங்கள் செல்லச் செல்லத் தெளிவு திரும்புகிறது. அதற்குள் அலுவலகம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆபரேஷனுக்கு லீவு கேட்டால் கேள்வியின்றித் தரும் மேலாளரிடம், "மூன்று மாதம் மெதுவாகத்தான் வேலை ஓடும்" என்று சொல்ல எந்த விண்ணப்பப் படிவமும் இல்லை.