ஆட்ட விதி யார் கையில்?

கோடை முகாம்களுக்கான ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. பள்ளிக் கணினி ஆசிரியர்களும் சிறுவர் நூலகர்களும் இந்தச் சமயத்தில் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: பிள்ளைகள் தாங்களே வீடியோ கேம் உருவாக்கிப் பழக எதை வாங்குவது, எதை இறக்கிக் கொடுப்பது? ஆப் ஸ்டோரைத் திறந்தால் ‘நீங்களே உருவாக்குங்கள்’ என்று அழைக்காத விளையாட்டு அரிது. வீரனின் சட்டை நிறத்தை மட்டும் மாற்றவிடும் ஆட்டமும், வெறுந்திரையிலிருந்து ஒரு முழு ஆட்டத்தைக் கட்டியெழுப்பவிடும் கருவியும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. விலையோ வயது வரம்போ நட்சத்திர மதிப்பீடோ இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆட்டத்தின் விதியில் பிள்ளையால் கை வைக்க முடிகிறதா என்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

விதி போடுவது பிள்ளைகளுக்குப் புதிதல்ல. தெருவில் கிரிக்கெட் ஆடுகிறவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும். ஒன் பிட்ச் கேட்ச் அவுட், எதிர்வீட்டு காம்பவுண்டுக்குள் போனால் அவுட், கடைசி ஆள் தனியாக ஆடலாம். சந்தின் அகலம், வந்திருக்கும் ஆட்களின் எண்ணிக்கை, எதிர்வீட்டுக்காரரின் கோபம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து அவர்களே போட்ட விதிகள் இவை. மறுநாள் இரண்டு பேர் குறைந்தால் விதியும் மாறும். திரைக்கு முன் உட்கார்ந்ததும் அந்த உரிமை கைவிட்டுப் போய்விடுகிறது. வேறு யாரோ, எங்கேயோ போட்ட விதிக்குள் ஓடிக் குதித்துப் புள்ளி சேர்ப்பதோடு சரி. அந்த உரிமையைத் திருப்பிக் கொடுக்கும் கருவிகளைத்தான் நாம் தேட வேண்டும்.

அப்படிப்பட்ட கருவிகளுக்கு நாற்பது ஆண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. 1983இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘பின்பால் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’, பில் பட்ஜ் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதியது. திரையின் ஓரத்தில் இருக்கும் உறுப்புகளை இழுத்து வந்து பலகையில் வைத்தால் ஒரு பின்பால் மேசை தயார். அதைவிட முக்கியமானது, ஈர்ப்பு விசை, பந்தின் துள்ளல், ஆட்டத்தின் வேகம் ஆகியவற்றையும் கூட்டிக் குறைக்கலாம். செய்த மேசையை ஒரு பிளாப்பியில் பதிந்து நண்பனிடம் கொடுத்தால், மூல மென்பொருள் இல்லாமலே அவன் ஆடலாம். விதியும் பிள்ளையின் கையில், படைப்பும் பிள்ளையின் கையில். இன்று விற்பனையில் உள்ள பல கருவிகள் இந்த இரண்டில் ஒன்றில் கோட்டை விடுகின்றன.

‘சூப்பர் மரியோ மேக்கர்’ 2015இல் வந்தது. இரண்டாம் பாகம் 2019இல். பிள்ளைகளுக்குப் பிடித்துப்போவதில் வியப்பில்லை. கட்டையை வை, ஆமையை வை, குழாயை வை, உடனே ஆடிப் பார். அதில் எங்களை மிகவும் கவர்ந்தது ஒரு நிபந்தனை. நீங்கள் செய்த லெவலை இணையத்தில் ஏற்ற வேண்டுமானால், முதலில் நீங்களே அதை ஆடி முடித்துக் காட்ட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் முதலில் செய்வது, யாராலும் கடக்க முடியாத ஒரு கொலைக்களம்தான்: குழிக்குப் பின் குழி, நெருப்புக்குப் பின் நெருப்பு. தானே கடந்தாக வேண்டும் என்ற நிலை வந்ததும் ஒவ்வொரு நெருப்பாக அகற்றத் தொடங்குவார்கள். கஷ்டமாக இருப்பதற்கும் அநியாயமாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த வகுப்பும் இவ்வளவு விரைவாகக் கற்றுத் தராது. ஆனாலும் மரியோ எவ்வளவு உயரம் குதிப்பான் என்பதை நின்டென்டோதான் முடிவு செய்கிறது. பிள்ளை விரும்பியபடி மாற்ற அதற்கு ஓர் எண் தரப்படவில்லை. பிள்ளை அமைப்பது மைதானத்தை. விதி நிறுவனத்திடமே இருக்கிறது. முகாமின் முதல் நாளுக்கு அருமையான ஆட்டம். பத்து நாளுக்கும் இதுவே என்றால் போதாது.

அதே நிறுவனம் 2021இல் கொண்டுவந்த ‘கேம் பில்டர் கராஜ்’ ஒரு படி மேலே போகிறது. அதில் பட்டனும் குதிப்பும் தனித்தனி உருவங்கள். ‘நோடான்’ என்று பெயர். இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தால்தான் பட்டனை அழுத்தும்போது ஆள் குதிப்பான். கம்பியை எடுத்துவிட்டால் குதிப்பதில்லை. காரணமும் விளைவும் கண்ணெதிரே கம்பியாக நிற்பதால், படிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கும் பிடிபடுகிறது. நின்டென்டோவின் ஸ்விட்ச் விளையாட்டுக் கருவி இருக்கும் இடங்களில் தயங்காமல் எடுக்கலாம். நம் பள்ளிகளில் எத்தனை இடங்களில் அது இருக்கும் என்பது வேறு விஷயம்.

பின்லாந்தின் ஆர்வி தெய்கரி உருவாக்கிய ‘பாபா இஸ் யூ’வையும் (2019) இங்கே சொல்ல வேண்டும். சுவர் தடுக்கும் என்ற விதி, தள்ளக்கூடிய சொற்கட்டைகளாகத் திரையிலேயே கிடக்கிறது. ஒரு கட்டையைத் தள்ளி வரியைக் கலைத்தால் சுவருக்குள் புகுந்து நடக்கலாம். சொற்கள் ஆங்கிலம்தான், ஆனால் எளிய சிறு சொற்கள். விதி என்பது மாற்றக்கூடிய ஒன்று என்ற எண்ணத்தைப் பிள்ளையின் மனத்தில் ஊன்றுவதற்கு இதைவிட நல்ல முன்பயிற்சி எங்களுக்குத் தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், ஒரே ஒரு கருவியைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் எங்கள் தேர்வு ஸ்கிராட்ச்தான். மிட்செல் ரெஸ்னிக்கின் குழு எம்.ஐ.டி. மீடியா லேபிலிருந்து 2007இல் வெளியிட்டது. இலவசம். இணையம் இல்லாத லேபிலும் நிறுவிக்கொள்ளலாம். ‘வேகம்’, ‘உயிர்’ என்று மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். இவையெல்லாம் வசதிகள். நாங்கள் அதைத் தேர்ந்தெடுக்கும் காரணம் வேறு: அதில் எந்த விதியும் முன்கூட்டியே இல்லை. ஈர்ப்பு விசைகூட இல்லை. பந்து கீழே விழ வேண்டுமானால், விழுவது என்றால் என்ன என்று பிள்ளை யோசித்துச் சொல்ல வேண்டும்.

அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஸ்கிராட்ச் மேடை 480க்கு 360 அலகு, நடுப்புள்ளி பூஜ்யம். ‘வேகம்’ என்று ஒரு மாறி. ஓயாமல் சுற்றும் ஒரு வளையத்துக்குள் மூன்று கட்டளைகள்: வேகத்தில் ஒன்றைக் குறை; அந்த வேகத்தைப் பந்தின் உயரத்தோடு கூட்டு; தரையைத் தொட்டால் அங்கேயே நிறுத்து. முதல் சுற்றில் பந்து 1 அலகு இறங்கும், இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3. மொத்த இறக்கம் 1, 3, 6, 10 என்று வளரும். சீரான முடுக்கம் என்று பின்னாளில் இயற்பியல் வகுப்பில் படிக்கப்போவதை ஏழாம் வகுப்புப் பிள்ளை இங்கே கண்ணால் பார்த்துவிடுகிறது.

பிறகுதான் சிக்கல் வரும். 6 அலகு அகலமுள்ள குட்டிப் பந்து, 4 அலகு தடிமனில் மெல்லிய கோடாக ஒரு தரை. பந்தை 150 என்ற உயரத்திலிருந்து விடுகிறோம். தரை மைனஸ் 138இல் இருக்கிறது. 23ஆவது சுற்றில் பந்து மைனஸ் 126க்கு வந்து சேரும். 24ஆவது சுற்றில் ஒரே தாவலில் மைனஸ் 150. நடுவில் தரையைத் தொடும் கணமே கிடையாது. பந்து தரையைத் துளைத்துக்கொண்டு போய்த் திரையின் அடியில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளை முதலில் கணினி கெட்டுவிட்டது என்று சொல்லும். நாம் அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி. இரண்டு மூன்று முறை விட்டுப் பார்த்தபின் ஒருவர் தரையைத் தடிமனாக வரைவார். இன்னொருவர் வேகம் 10ஐத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைப்பார். மூன்றாமவர், உயரம் மைனஸ் 138க்குக் கீழே போனால் மேலே தூக்கி வை என்று எழுதுவார். மூன்றும் சரி. மூன்றும் வெவ்வேறு விதமாக ஆடும். வேகத்துக்கு வரம்பு வைத்தவரின் பந்து மிதந்து இறங்குவதுபோல் இருக்கும். அது நிலாவில் நடக்கும் கதையாகவும் மாறிவிடலாம். ஈர்ப்பைத் தயாராக ஊட்டிவைத்திருக்கும் கருவிகளில் இந்த அரை மணி நேரம் பிள்ளைக்குக் கிடைக்காது.

பாடத்தையும் விளையாட்டையும் இணைக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாஸ்மின் கஃபாய் 1995இல் வெளியிட்ட ‘மைண்ட்ஸ் இன் ப்ளே’ என்ற நூல், பாஸ்டன் நகரப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 16 பேர் லோகோ மொழியில் ஆட்டங்கள் எழுதியதை விவரிக்கிறது. தங்களைவிட இளைய பிள்ளைகளுக்குப் பின்னங்களைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தரப்பட்ட வேலை. மாதக்கணக்கில் உழைத்தார்கள். ஆனால் பெரும்பாலான ஆட்டங்களில் பின்னம் ஒரு பூட்டாகத்தான் இருந்தது: கதவருகே ஒரு கேள்வி, பதில் சொன்னால் கதவு திறக்கும். பின்னமே ஆட்டத்தின் விதியாக மாறியது அபூர்வம். முப்பது ஆண்டுக்குப் பின் நம் ‘கல்வி விளையாட்டு’களும் பெரும்பாலும் அந்தக் கதவருகேதான் நிற்கின்றன. பெரியவர்கள் செய்ததே அப்படி இருக்கும்போது பிள்ளைகளைக் குறை சொல்ல இடமில்லை. பந்தின் வேகத்தைப் பாதியாக்கு, கால்வாசியாக்கு என்று விளையாட்டுக்குள்ளேயே பின்னம் தேவைப்படும் தருணங்களை ஆசிரியர் கவனித்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பாடத்தலைப்பை முதலில் கொடுத்துவிட்டு ஆட்டம் செய்யச் சொன்னால் வினா வங்கிதான் வரும்.

இனி, படைப்பு யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி. மைக்ரோசாஃப்ட் 2014இல் வெளியிட்ட ‘ப்ராஜெக்ட் ஸ்பார்க்’ விதிகளை எழுதுவதில் நல்ல சுதந்திரம் தந்தது. 2016 ஆகஸ்டில் அதன் சேவையை நிறுத்திவிட்டார்கள். வீ யூ கருவியில் இருந்த முதல் ‘மரியோ மேக்கர்’ 2021 மார்ச்சுக்குப் பிறகு புதிய லெவல்களை ஏற்றிக்கொள்ளவில்லை. ஒரு நிறுவனத்தின் சர்வரில் மட்டும் வாழும் படைப்பு, அந்த நிறுவனம் நினைக்கும் நாள்வரைதான் வாழும். இதில் நாங்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. எந்தக் கருவியை எடுத்தாலும் முதல் மணி நேரத்திலேயே சோதியுங்கள்: பிள்ளை செய்ததை ஒரு கோப்பாகப் பென்டிரைவில் போட்டு வீட்டுக்கு அனுப்ப முடிகிறதா? ஸ்கிராட்சின் எஸ்பி3 கோப்பு உள்ளுக்குள் ஒரு சாதாரண ஜிப் கோப்புதான். படமும் ஒலியும் நிரலும் அதற்குள் தனித்தனியாகக் கிடைக்கும். டர்போவார்ப் என்ற துணைக்கருவி கொண்டு அதே ஆட்டத்தை எந்த பிரவுசரிலும் திறக்கும் ஒற்றைக் கோப்பாக மாற்றிவிடலாம். அம்மாவின் போனில் அண்ணன் தங்கைக்குத் தன் ஆட்டத்தைக் காட்ட அது போதும்.

ரோப்லாக்ஸ் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. விதியைத் தொடும் கணக்கில் மட்டும் பார்த்தால் ரோப்லாக்ஸ் ஸ்டுடியோ உண்மையிலேயே வலிமையானது. லுவா மொழியிலிருந்து பிறந்த லுவாவ் மொழியில் எதையும் எழுதலாம். ஆனால் அந்த வாசல் வழியாக உள்ளே போகும் பிள்ளை முதலில் சந்திப்பது ரோபக்ஸ் என்ற அதன் நாணயத்தைச் செலவழிக்கச் சொல்லும் கடையையும் முகம் தெரியாத ஆட்களையும்தான். பிள்ளைகளின் பாதுகாப்பை முன்னிட்டு அமெரிக்காவில் பல மாநில அரசுகள் அந்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்துள்ளன. தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி முகாம்களுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. உயர்நிலை வகுப்பினர் கேட்டால், ஆசிரியர் பக்கத்தில் இருக்க, ஸ்டுடியோவை மட்டும் திறந்து, ஆட்டத்தைக் கணினியிலேயே சேமித்துப் பழகட்டும்.

எழுதப் படிக்கத் தொடங்கும் வயதினருக்கு ஸ்கிராட்ச் ஜூனியர் (2014) இருக்கிறது. ஐந்து முதல் ஏழு வயதினரை மனத்தில் வைத்துச் செய்தது. கட்டளைகள் எல்லாம் படங்கள் என்பதால் மொழி தடையாக நிற்காது. ஒரு டேப்லெட் இருந்தால் நான்கு பிள்ளைகள் சேர்ந்தே செய்யலாம்; தனித்தனியாகச் செய்வதைவிட நான்கு பேர் சண்டையிட்டுச் செய்வது நன்றாகவே வருகிறது.

தமிழ்நாட்டில் 2019இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கடைசி அலகு ஸ்கிராட்சை அறிமுகம் செய்கிறது. மேடை எது, ஸ்பிரைட் எது என்று விளக்குகிறது. தேர்வும் அதையே கேட்பதால், ஸ்கிராட்சின் பூனையை ஒருமுறைகூட நகர்த்திப் பார்க்காமல் முழு மதிப்பெண் வாங்கிவிட முடிகிறது. இந்த நிலைக்குப் பாடநூலை மட்டும் குறை சொல்வதற்கில்லை. லேபில் நாற்பது நிமிடம் கிடைக்கிற ஆசிரியர்கள், அதில் கடைசி பத்து நிமிடத்தை இடம் மாறி உட்காருவதற்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒருவர் செய்த ஆட்டத்தை இன்னொருவர் ஆடட்டும். செய்தவர் பின்னால் நின்று, பேசாமல் பார்க்கட்டும். எங்கே தடுமாறுகிறார்கள், எந்தப் பட்டனைத் தேடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு அடுத்த வகுப்பில் என்ன செய்வது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

கடைசியாக, காப்பியடிப்பது பற்றி. பக்கத்து மாணவியின் ஆட்டத்தைத் திறந்து, மாம்பழத்தை விண்கல்லாக மாற்றி, வேகத்தைக் கூட்டித் தன் ஆட்டம் என்று கொண்டுவரும் பையனைப் பல ஆசிரியர்கள் கண்டிக்கிறார்கள். ஸ்கிராட்ச் தளம் இதை ஊக்குவிக்கிறது. அங்கே பகிரப்படும் ஆட்டங்கள் எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் வருகின்றன. மற்றவர் ஆட்டத்தை எடுத்து மாற்றி வெளியிட்டால், முதலில் செய்தவரின் பெயர் தானாகவே அந்தப் பக்கத்தில் தோன்றும். இணையம் இல்லாத நம் லேபில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்தின் முதல் திரையிலும் யாருடைய ஆட்டத்திலிருந்து இது வந்தது, எந்த விதியை மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அந்தக் கோப்புகளை ஆண்டு முடிவில் அழித்துவிடாமல் ஒரு ஃபோல்டரில் வைத்திருங்கள். ஜூனில் புதிதாக வரும் ஆறாம் வகுப்பினர் முதல் நாளில் திறந்து ஆட வேண்டியது அவற்றைத்தான்.