முள் ஏறினால் பெருமையா?

போன பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போக, எங்கள் மாமா தம் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத்தான் எடுத்தார். 1961 முதல் சென்னையில் தயாரான கார். இங்கிலாந்தில் 1962-இல் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதற்கும் சேஸிஸும் இஞ்சினும் ஒரே குலம். மாமாவின் பெருமைக்குக் கேட்கவேண்டுமா! ஆசையாக ஆயில் பிரஷர் மீட்டரும் மாட்டியிருந்தார்.

செஞ்சி தாண்டியும் முள் 90-ஐ விட்டு இறங்கவில்லை. "பார்த்தாயா, வயசானாலும் என்ன இளமை!" என்றார்.

"உங்களுக்கு ரத்த அழுத்தம் 180 ஏறியபோது டாக்டர் அப்படியா சொன்னார்?" என்றாள் மாமி.

ஊர் சேர்ந்ததும் ஒரு மெக்கானிக், "இஞ்சினைப் பிரிக்கணும்" என்றார். மாமி விடவில்லை. செங்கம் ரோட்டில் ஒரு வயதான மெக்கானிக்கைத் தேடிப் பிடித்தாள். அவர் முதலில் வேறொரு மீட்டரை மாட்டினார், அதுவும் 90. அடுத்து எண்ணெயைப் பார்த்தார்; சரியான ரகம்தான். மூன்றாவது, அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு. நம் குக்கர் வெயிட் மாதிரிதான் அதுவும். அழுத்தம் மிஞ்சினால் திறந்து எண்ணெயைத் திருப்பிவிடும். கசடு ஏறி அசையாமல் கிடந்தது! அப்படியே ஓட்டியிருந்தால் ஃபில்டர் வெடித்திருக்கலாம்.

நாங்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து வருவதற்குள் வால்வைக் கழுவிப் பூட்டிவிட்டார். சூடான இஞ்சினில் முள் 55!

குளிர்ந்த இஞ்சினில் எண்ணெய் கெட்டி. முள் ஏறுவது இயல்பு. சூடேறியும் இறங்காவிட்டால் மீட்டர், எண்ணெய், வால்வு என்று வரிசையாகப் பாருங்கள். இஞ்சினைப் பிரிப்பது கடைசியில்தான்.

மாமா இப்போது தம் மாத்திரையையும் மறப்பதில்லை!