உதைக்கிறவன் பேரு எவனுக்குத் தெரியும்?

போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல ஒரு சண்டை. டிவில அமெரிக்கன் ஃபுட்பால் ஓடிட்டு இருந்துச்சு. பக்கத்து டீம் ஆளு ஒருத்தர், "ஒரு மேட்ச்ல நாலஞ்சு தடவ வந்து உதைச்சுட்டு போறான், இவனுக்கெல்லாம் ஒரு சம்பளமா?"ன்னு சிரிச்சாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்!

தெரியாதவங்களுக்கு: அந்த ஆட்டத்துல பத்து கஜம் முன்னேற நாலு வாய்ப்பு. மூணும் வீணாப் போச்சுன்னா பெரும்பாலும் நாலாவதுல பந்தை உதைச்சு எதிராளிய அவன் எல்லைக்குப் பக்கமா தள்ளி விடுவாங்க. அதுக்குன்னே இருக்கிறவர்தான் பன்டர். ரே கய்னு ஒருத்தர். 1973ல ஓக்லண்ட் ரெய்டர்ஸ் முதல் சுற்றுலயே எடுத்தாங்க. 1986 வரைக்கும் 1049 தடவ உதைச்சாரு, எதிராளி தடுத்தது மூணே மூணு. அவரு ஆடின டீம் மூணு சூப்பர் பவுல் ஜெயிச்சுது. ஆனா ஹால் ஆஃப் ஃபேம்ல அவர் பேரு ஏறுனது 2014ல! தலைமுடி நரைச்சப்புறம். பன்டரா மட்டுமே ஆடி அங்க போன முதல் ஆளும் அவர்தான்.

அமெரிக்காக்காரனத் திட்டி என்ன பண்ண, நம்ம கதை மட்டும் என்ன வாழுது? பீட்டர் தங்கராஜ்னு எத்தன பேருக்குத் தெரியும்? வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர் கோலி. அந்த டீம் 1955லயும் 1958லயும் டூரண்ட் கோப்பை வாங்குச்சு. 1960 ரோம் ஒலிம்பிக்ஸ்ல ஃபிரான்ஸோட 1-1னு டிரா பண்ணின நம்ம டீம்ல கோல்ல நின்னவரு. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கின டீம்லயும் இருந்தாரு. நெட்டையான மனுஷன், அவரு உதைச்சா பந்து பாதி மைதானத்தத் தாண்டித்தான் விழும்.

அர்ஜுனா விருது பி.கே.பானர்ஜிக்கு 1961, சுனி கோஸ்வாமிக்கு 1963, ஜர்னைல் சிங்குக்கு 1964. தங்கராஜுக்கு? 1967! ஜர்னைல் டிஃபென்டர்தானேன்னு கேப்பீங்க. ஆமா, ஆனா ஜகார்த்தா ஃபைனல்ல முன்னால போயி ஆடி கோல் போட்டவரு. கோல் போட்டாத்தான் கண்ணுக்குத் தெரியுது. (ப்ரொடக்‌ஷன் சப்போர்ட்ல இருக்கறவங்களுக்கு நான் விளக்கவே வேணாம். சர்வர் விழுந்தாத்தான் நம்ம பேரே அடிபடும்.)

கோல் போட்டாத்தானே மேட்ச் ஜெயிக்கும்னு ஒருத்தர் கேட்டாரு. நியாயந்தான், நான் இல்லங்கல. ஆனா அந்த பந்து முன்னால வந்தது எப்படிவே?

இவ்வளவு கோவத்துக்குக் காரணம் எங்க சித்தி பையன். உவரி கடற்கரை மணல்ல கோலியா நின்னு வளந்தவன். காத்துக்கு எதிர்ல தாழ்வா வெட்டி அடிப்பான், காத்து பின்னாடி இருந்தா வானத்துல தூக்கி விடுவான். பந்து இறங்குறதுக்குள்ள நம்ம பசங்க அடியில போயி நிப்பாங்க. பன்டருக்கு அமெரிக்காவுல இத ஸ்டாப்வாட்ச் வெச்சு அளக்கறான். இவன ஒரு காலேஜ் செலக்‌ஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். "எத்தன கோல் போட்டிருக்க?"ன்னு கேட்டாரு அந்த சாரு. கோலிகிட்ட! அவன் திருதிருன்னு முழிச்சான். திரும்பி வர்றப்ப திசையன்விளை வரைக்கும் பஸ்ல ஒரு வார்த்த பேசல. அந்த வருஷமே ஃபைபர் படகுல கடலுக்குப் போக ஆரம்பிச்சுட்டான்.

எங்க ஊரு டோர்னமெண்ட்லயும் இதே கததான். அதிக கோல் அடிச்சவனுக்கு ஆளுயர கப்பு, கோலிக்கு ஒரு டர்க்கி டவலு. அதான் இந்த வருஷம் சிறந்த கோல்கீப்பர் கப்பு என் செலவுன்னு கமிட்டிக்கு போன் போட்டேன்.

"குடு தம்பி, சந்தோசம்" அப்டின்னாரு கமிட்டி அண்ணாச்சி. "ஆனா சின்னதா பாத்து வாங்கு, என்ன?"

பெரிசாத்தான் அண்ணாச்சி வாங்குவேன்.